படத்துக்கு வரி பொருந்துகிறதா? செயற்கை நுண்ணறிவு படங்களை வகை பிரிக்கும் விதம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில் எந்தப் பொருளும் தன் இனத்தோடு இருப்பதில்லை. எனாமல் தூக்குச்சட்டிக்குள் பழைய பூட்டுகள் கிடக்கும். தேக்கு நிலையில் சாய்த்த பெல்ஜியம் கண்ணாடிக்கு முன்னால் மரவை என்னும் மரப் பாத்திரங்களை அடுக்கியிருப்பார்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் யார் வீட்டு ஐயாவோ கறுப்பு வெள்ளைப் படத்தில் முறைத்துக்கொண்டிருப்பார். இவற்றையெல்லாம் படமெடுத்துக் கணினியில் போட்டு, எனாமல் தனி, மரச்சாமான் தனி, ஓலைச்சாமான் தனி என்று பிரித்துத் தரச் சொன்னால் அது எப்படிச் செய்யும்?

சில ஆண்டுகளுக்கு முன்புவரை இதற்கு ஒரு வழிதான் இருந்தது. ஒவ்வொரு வகைக்கும் நூற்றுக்கணக்கில், முடிந்தால் ஆயிரக்கணக்கில், படங்களைத் திரட்ட வேண்டும். ஒவ்வொரு படத்தின் மேலும் ‘இது கொட்டான்’ (பனையோலைக் கூடை), ‘இது மரவை’ என்று ஒரு மனிதர் உட்கார்ந்து குறிக்க வேண்டும். பிறகு அவற்றைக் காட்டிக் கணினியைப் பழக்க வேண்டும். ஆய்வுலகம் நெடுங்காலம் அளவுகோலாக வைத்திருந்த இமேஜ்நெட் தொகுப்பு இப்படி உருவானதுதான்: 1000 வகைகள், பயிற்சிக்கு மட்டும் ஏறத்தாழ 12.8 லட்சம் படங்கள். அந்த ஆயிரத்தில் நாய் இனங்களுக்கே நூறு இடங்களுக்கு மேல் ஒதுக்கியிருக்கிறார்கள். கொட்டானுக்கு ஓர் இடம்கூட இல்லை. அதில் பழகிய கணினியிடம் கொட்டானைக் காட்டினால், தனக்குத் தெரிந்த ஆயிரத்துக்குள் ஏதோ ஒன்றைத்தான் சொல்லும். புதிதாக ஒரு வகையைச் சேர்க்க வேண்டுமென்றால் மறுபடியும் படம் திரட்டல், மறுபடியும் குறித்தல், மறுபடியும் பயிற்சி.

2021 ஜனவரியில் ஓப்பன்ஏஐ நிறுவனம் கிளிப் என்ற மாடலை, அதாவது படங்களையும் எழுத்தையும் காட்டிப் பழக்கிய கணினி நிரலை, வெளியிட்டது. அதில் வகைகளின் பட்டியலைப் பயிற்சியின்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. பயன்படுத்துகிறவர், தான் விரும்பும் வகைகளைச் சாதாரண வாக்கியங்களாக எழுதிக் கொடுத்தால் போதும். கணினி படத்தை ஒவ்வொரு வாக்கியத்தோடும் ஒப்பிட்டு, எது மிக நெருக்கமோ அதைச் சொல்லும். ‘வண்ணப் பனையோலையில் முடைந்த சிறிய கூடை’ என்று எழுதிவிட்டால் அதுவே ஒரு வகையாகிவிடுகிறது. இந்தத் தேவைக்காகத் தனியாக ஒரு படத்தைக்கூடக் காட்டிப் பழக்காமலேயே வேலை நடப்பதால் துறையினர் இதை ஜீரோ-ஷாட் என்கிறார்கள்.

இது எப்படிச் சாத்தியமாகிறது? மனிதர் உட்கார்ந்து குறித்த படங்களுக்குப் பதிலாக, இணையத்தில் ஏற்கெனவே எழுத்தோடு சேர்ந்து கிடக்கும் படங்களைக் கிளிப் எடுத்துக்கொண்டது. செய்திப் படத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கும். பயணப் படத்துக்கு ஒரு தலைப்பு இருக்கும். விற்பனைக்கு வைத்த பொருளுக்கு ஒரு விவரம் இருக்கும். இப்படி 40 கோடி படம்-வரி இணைகளைத் திரட்டினார்கள். இந்த வரிகளை யாரும் கணினிக்குப் பாடம் நடத்துவதற்காக எழுதவில்லை. பல வரிகள் அரைகுறையானவை, சில படத்துக்குச் சம்பந்தமே இல்லாதவை. எண்ணிக்கைதான் அந்தக் குறையை ஈடுகட்டியது.

பயிற்சி நடந்த விதம் நம் ஊரில் ஜாதகப் பொருத்தம் பார்ப்பதைப் போன்றது. ஆனால் இங்கே யாருக்கு யார் என்ற விடை முன்பே தெரியும். ஒரு தடவைக்கு 32,768 படங்களையும் அவற்றுக்குரிய 32,768 வரிகளையும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு படத்தையும் எல்லா வரிகளோடும் பொருத்திப் பார்த்தால் ஏறத்தாழ 107 கோடி சோடிகள் வரும். அவற்றில் 32,768 மட்டுமே உண்மையான சோடிகள். உண்மைச் சோடிக்குப் பொருத்த மதிப்பு ஏற வேண்டும், மற்ற எல்லாவற்றுக்கும் இறங்க வேண்டும். இறங்க வேண்டியது ஏறியிருந்தால் மாடலின் உள்ளே இருக்கும் எண்களைக் கொஞ்சம் திருத்துகிறார்கள். அடுத்த 32,768 சோடிகள் வருகின்றன. இப்படி மொத்தத் தொகுப்பையும் 32 முறை ஓட்டினார்கள். கிளிப்பின் பெரிய வடிவங்களில் ஒன்றைப் பழக்க 256 வரைகலைச் சில்லுகள் 12 நாட்கள் இடைவிடாமல் ஓடின. நல்லவேளையாக அந்தச் செலவு நம்முடையது அல்ல. பழகிய மாடலைப் பொதுவில் விட்டுவிட்டார்கள். சாதாரண மடிக்கணினியிலேயே ஓட்டலாம்.

உள்ளே இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று படத்தைப் படிக்கும், மற்றொன்று எழுத்தைப் படிக்கும். பலரும் பயன்படுத்தும் சிறிய வடிவத்தில் படம் முதலில் 224-க்கு 224 புள்ளிகள் கொண்ட சதுரமாகச் சுருக்கப்படுகிறது. பிறகு 32 புள்ளி அகலமுள்ள கட்டங்களாக, ஏழுக்கு ஏழு என்று 49 துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. துண்டுகளுக்கு இடையிலான உறவுகளைப் பார்த்து, முடிவில் முழுப் படத்துக்கும் சேர்த்து 512 எண்கள் கொண்ட ஒரு வரிசையை அது தருகிறது. எழுத்துப் பகுதியும் ஒரு வாக்கியத்தை வாங்கி அதே போல 512 எண்களைத் தருகிறது. கணிதத்தில் இந்த எண்வரிசையை வெக்டர் என்பார்கள். ஒவ்வொரு வெக்டரும் ஒரு திசையைக் காட்டுகிறது. படத்தின் திசையும் வரியின் திசையும் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பதை அவற்றுக்கு இடையிலான கோணத்தின் கொசைன் சொல்லிவிடும்; இரண்டும் ஒரே திசை என்றால் அது 1. ஒப்பிடுதல் என்று இவ்வளவு நேரம் சொல்லிவந்தது இந்தக் கணக்கைத்தான்.

இந்தச் சுருக்கலில் ஒரு சிக்கல் உண்டு, தொடங்குகிறவர்கள் கவனிப்பதில்லை. வழக்கமான முன்னேற்பாட்டில் படத்தின் குறுகிய பக்கத்தை 224-க்குக் கொண்டுவந்து, நடுவிலிருந்து ஒரு சதுரத்தை வெட்டி எடுப்பார்கள். கானாடுகாத்தான் வீடொன்றின் வளவை (முற்றத்தைச் சுற்றிய தூண் கூடத்தை), தூண் வரிசை முழுதும் தெரிய வேண்டுமென்று அகலவாக்கில் எடுத்த படம் என்றால், இரு ஓரத்துத் தூண்களும் வெட்டுப்பட்டு நடு முற்றம் மட்டும் மாடலுக்குப் போகும். ‘ஏன் தூண்களைச் சொல்லவில்லை’ என்று மாடலைத் திட்டிப் பயனில்லை. அதற்கு அவை காட்டப்படவே இல்லை.

இப்போது ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கலாம். எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. ஆனால் கிளிப்பில் வழக்கமாக வரும் அளவை ஒட்டியவை.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் படம் ஒன்று இருக்கிறது. மூன்று வரிகள் கொடுக்கிறோம். ‘கையால் செய்த, பூக்கோலம் போட்ட சிமென்ட் தரைக்கல்’ என்ற வரிக்குக் கொசைன் மதிப்பு 0.29 வருகிறது. ‘சுவரில் பதித்த மெருகேற்றிய பீங்கான் ஓடு’ என்பதற்கு 0.26. ‘பளபளப்பான பளிங்குத் தரை’ என்பதற்கு 0.22. பொருந்தும் சோடிக்கே 0.29 தானா என்று தோன்றலாம். கிளிப்பில் அப்படித்தான், ஒன்றை நெருங்கும் மதிப்பை எதிர்பார்க்கக் கூடாது. எது எதைவிடக் கூடுதல் என்பதுதான் முக்கியம்.

அடுத்து இந்த மதிப்புகளை நூறால் பெருக்குகிறோம்: 29, 26, 22. நூறு என்பதும் பயிற்சியில் மாடல் தானே கற்றுக்கொண்ட பெருக்கெண்தான். பிறகு ஒவ்வொன்றையும் 2.718 என்ற எண்ணின் அடுக்காக ஏற்றி, மொத்தத்தில் ஒவ்வொன்றின் பங்கு எவ்வளவு என்று பார்க்கிறோம். முதல் வரியை 1 என்று வைத்தால் இரண்டாவது ஏறத்தாழ 0.05, மூன்றாவது 0.001-க்கும் கீழே. சதவீதமாகச் சொன்னால் முதல் வரிக்கு 95, இரண்டாவதற்கு 5-க்குச் சற்றுக் குறைவு, மூன்றாவதற்கு அனேகமாக ஒன்றுமில்லை.

திரையில் ‘95 சதவீதம் சிமென்ட் தரைக்கல்’ என்று வரும்போது கணினி தலையில் அடித்துச் சத்தியம் செய்வது போல் இருக்கும். ஆனால் அந்த உறுதியெல்லாம் 0.03 என்ற சின்ன இடைவெளியிலிருந்து பிறந்தது. இன்னொன்றும் பாருங்கள். அதே மூன்று வரிகளை வைத்துக்கொண்டு, திண்ணையில் படுத்திருக்கும் பூனையின் படத்தைக் கொடுக்கிறோம். மதிப்புகள் 0.17, 0.14, 0.10 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். மூன்றுமே தாழ்வு, எந்த வரியும் பொருந்தவில்லை. ஆனால் இடைவெளிகள் முன்பு போலவே இருப்பதால் சதவீதமும் அதேதான்: பூனை 95 சதவீதம் சிமென்ட் தரைக்கல்! இந்த முறையைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைக்க வேண்டும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த வரிகளுக்குள் எது மேல் என்று மட்டுமே சதவீதம் சொல்கிறது. எந்த வரியாவது சரியா என்று அது சொல்வதே இல்லை.

‘மற்றவை’ என்று நான்காவதாக ஒரு வரி சேர்த்துவிட்டால் போயிற்று என்று பலர் நினைப்பார்கள். மற்றவை என்பதற்கு உருவம் கிடையாது. அப்படி ஒரு படத்தை மாடல் பார்த்ததும் இல்லை. அதைவிட, படத் தொகுப்பில் எதிர்பாராமல் நுழையக்கூடியவற்றை நேராக எழுதுங்கள்: ‘ஒரு மனிதரின் படம்’, ‘ஒரு விலங்கின் படம்’, ‘தெளிவில்லாத படம்’. கூடவே, பெருக்குவதற்கு முன்னுள்ள மூல மதிப்பையும் பார்த்து, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் மனிதர் பார்க்கட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள். அந்த அளவு எது என்பதை உங்கள் படங்களில் கொஞ்சத்தை ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

இனி வரி எழுதுவது. இந்த முறையின் சூட்சுமம் முழுதும் இங்கேதான் இருக்கிறது. மற்றதெல்லாம் கணினி பார்த்துக்கொள்ளும்.

கிளிப்பை உருவாக்கியவர்களே ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். வகையின் பெயரை மட்டும் ஒற்றைச் சொல்லாகக் கொடுப்பதைவிட, ‘இது இன்னதன் புகைப்படம்’ என்ற பொருள்படும் முழு வரியாகக் கொடுத்தால் இமேஜ்நெட் சோதனையில் முடிவு 1.3 சதவீதப் புள்ளி கூடியது. காரணம் எளிது. இணையத்தில் படத்துக்குக் கீழே ஒற்றைச் சொல் அரிதாகவே இருக்கும், வாக்கியம்தான் இருக்கும். மாடல் பழகியதும் அதைத்தான். தவிர, பாக்ஸர் என்று மட்டும் எழுதினால் நாயா, குத்துச்சண்டை வீரரா என்று அதற்கு எப்படித் தெரியும்? ‘வளர்ப்பு நாய் வகை’ என்று கூடச் சேர்த்தால் தெளிந்துவிடும். அடுத்து 80 விதமான வரி அச்சுகளை எழுதி, ‘இன்னதன் பெரிய படம்’, ‘இன்னதன் மங்கலான படம்’ என்று ஒவ்வொரு வகைக்கும் கிடைத்த வெக்டர்களைச் சராசரி எடுத்தார்கள். அதில் மேலும் 3.5 புள்ளி கூடியது. இமேஜ்நெட்டின் பயிற்சிப் படங்களைத் தொடாமலேயே மிகப் பெரிய கிளிப் வடிவம் 76.2 சதவீதம் எடுத்தது. அந்தப் பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம் படங்களையும் பார்த்துப் பழகிய, 50 அடுக்கு கொண்ட பழைய ரெஸ்நெட் மாடலுக்கு இது நிகர்.

செட்டிநாட்டுப் பொருள்களுக்கு வரும்போது இதற்கு மேல் ஒரு படி போக வேண்டியிருக்கிறது. மாடலுக்கு நம் ஊர்ப் பெயர்கள் தெரிந்திருக்கும் என்று நம்பக் கூடாது. இணையத்தில் ‘இட்லி’ என்ற பெயரோடு எத்தனையோ படங்கள் இருக்கின்றன. ‘வெள்ளைப் பணியாரம்’ என்ற பெயரோடு இருப்பவை அதில் ஒரு சிறு பங்குகூட இருக்காது. பெயரை மட்டும் கொடுத்தால் இட்லி பக்கம் சாய்ந்துவிட வாய்ப்பு அதிகம். ஆகவே கண்ணுக்குத் தெரிவதை எழுத வேண்டும்: ‘நடுவில் உப்பி, ஓரம் சுருங்கிய, எண்ணெயில் பொரித்த வெள்ளை நிறத் தட்டைப் பலகாரம்’. பணியாரம் சுடத் தெரிந்த எந்த ஆச்சியிடமும் கேளுங்கள். பதம் சரியா என்று அவர் பார்ப்பதே அந்த ஓரத்தை வைத்துத்தான். அதை அப்படியே வரியில் வைத்துவிட வேண்டும்.

கண்டாங்கிச் சேலைக்கும் இதேதான். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை என்பது மாடலுக்குப் பயன்படாத செய்தி. ‘பெரிய கட்டங்களும் அகலமான எதிர்நிறக் கரையும் கொண்ட பருத்திச் சேலை’ என்பது பயன்படும். எதைச் சொல்லக் கூடாது என்பதும் உண்டு. ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமென்ட் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமென்டும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள். சூளையில் சுடுவதே இல்லை. கல்லின் வழவழப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வந்தது. கேட்க எவ்வளவு சுவையாக இருந்தாலும் இதில் எதுவும் தரையைப் பிடித்த படத்தில் தெரியாது. ‘சுடாத கல்’ என்று வரியில் எழுதுவது வீண். சிவப்பு, மஞ்சள், பச்சை, பூவும் நட்சத்திரமும், அடுத்தடுத்த கற்களில் தொடரும் கோலம், இவைதான் தெரியும். ஒரே வீட்டில் தரையில் ஆத்தங்குடிக் கல்லும் சுவரில் ஜப்பான் பீங்கான் ஓடும் இருக்கும்போது, இரண்டையும் பிரிக்க ‘தரை’, ‘சுவர்’ என்ற சொற்கள் உதவும். ஆனால் சுற்றுப்புறம் தெரியாமல் ஒற்றைக் கல்லை மட்டும் நெருக்கமாகப் படமெடுத்தால் அந்த உதவி போய்விடும். படமெடுக்கிறவரும் வரி எழுதுகிறவரும் முதலிலேயே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

வரிகளை ஒன்றுக்கொன்று எதிரெதிராக நிறுத்தியும் எழுத வேண்டும். ‘பழைய பாத்திரம்’, ‘எனாமல் பாத்திரம்’ என்று இரண்டு வகை வைத்தால், பழைய எனாமல் பாத்திரம் எங்கே போகும்? பாதி இங்கே, பாதி அங்கே. இது கணினியின் குற்றமல்ல. மனிதரிடம் கொடுத்தாலும் அதே குழப்பம்தான்.

மாடலுக்கு வராதவை என்று ஒரு பெரிய பட்டியலே போடலாம். எண்ணத் தெரியாது. ‘எட்டுத் தூண் உள்ள முகப்பு’, ‘பன்னிரண்டு தூண் உள்ள முகப்பு’ என்று பிரிக்கச் சொல்லாதீர்கள். சொற்களின் உறவும் அதற்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. ஒரே சொற்களை இடம் மாற்றிப் போட்ட வரிகளை வைத்து 2022-இல் வந்த வினோகிரவுண்ட் என்ற சோதனையில் கிளிப் உட்பட இவ்வகை மாடல்கள் பலவும் குத்துமதிப்பாகச் சொல்வதைவிடப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ‘பெட்டியின் மேல் விளக்கு’, ‘விளக்கின் மேல் பெட்டி’ இரண்டும் அதற்கு ஏறக்குறைய ஒன்று. கையால் எழுதிய இலக்கங்களை அறியும் மிக எளிய சோதனையில் ஜீரோ-ஷாட் முறையில் அது எடுத்தது 88 சதவீதம். அதில் சாதாரணப் பழைய கணித முறைகளே அதைத் தோற்கடிக்கும். எனவே வட்டிக் கணக்கு ஏட்டுப் பக்கங்களை இதனிடம் நீட்ட வேண்டாம்.

படத்துக்குள் எழுத்து இருந்தால் அதில் மயங்கிவிடும் என்பது இன்னொரு பலவீனம். ஓப்பன்ஏஐ ஆய்வாளர்களே ஒரு பச்சை ஆப்பிளின் மேல் ‘ஐபாட்’ என்று (அது பாட்டுக் கேட்கும் கருவியின் பெயர்) எழுதிய தாளை ஒட்டிக் காட்டினார்கள். மாடல் 99.7 சதவீத உறுதியோடு அது ஐபாட் என்றது! பழம்பொருள் கடையில் இது வேடிக்கை அல்ல. சாமான்களின் மேல் ஆங்கிலத்தில் சீட்டு ஒட்டும் பழக்கம் உள்ள கடையில், ‘வெண்கலம்’ என்ற சீட்டு இடம் மாறி மரப்பெட்டியில் ஒட்டியிருந்தால் மாடல் பெட்டியைவிடச் சீட்டை நம்பக்கூடும். படமெடுப்பதற்கு முன் சீட்டைக் கழற்றிவிடுங்கள்.

மனிதர்களின் படங்களில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கிளிப் ஆய்வறிக்கையே ஒரு சோதனையை விவரிக்கிறது. முகப் படங்களுக்கு இனம், பாலினம் சார்ந்த வகைகளோடு குற்றம் தொடர்பான வகைகளையும் மனிதரல்லாத வகைகளையும் பட்டியலில் சேர்த்துப் பார்த்தார்கள். இளையவர்களின் படங்கள் கணிசமாக அந்தத் தவறான வகைகளில் விழுந்தன. ‘குழந்தை’ என்று ஒரு வகையைச் சேர்த்ததும் அது பெரிதும் குறைந்தது. பட்டியலில் ஒரு வரி விட்டுப்போனதன் விலை அது. குடும்பப் படங்களை ‘மனிதர்கள் உள்ள படம்’ என்று ஒரே பெட்டியில் போட்டுவிட்டு, யார் எவர் என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இங்கே எடுத்துக்காட்டு வரிகளை நான் தமிழில் எழுதினேன். கிளிப்புக்கு அவற்றை ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டும். அது ஆங்கிலத்துக்காகவே பழக்கப்பட்டது. ஆங்கிலப் பயன்பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். தமிழ் எழுத்தை அது உடைத்துப் படிக்கும் விதத்தில் ஒரு நடுத்தர வாக்கியமே பல துண்டுகளாகச் சிதறும். அது ஏற்கும் உச்சவரம்போ 77 துண்டுகள்தான். பல மொழிகளிலும் பழகிய மாடல்கள் பின்னால் வந்திருக்கின்றன. 2025-இல் கூகுள் வெளியிட்ட சிக்லிப் 2 அவற்றில் ஒன்று. அங்கே தமிழ் வரியைக் கொடுத்துப் பார்க்கலாம். அதே வரியை ஆங்கிலத்திலும் ஓட்டி, எது நன்றாகப் பிரிக்கிறது என்று பார்த்துவிட்டு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நல்ல வரி எழுதியும் இரண்டு வகைகள் பிரியாமல் அடம்பிடித்தால் வரியை விட்டுவிட்டுப் படத்தோடு படத்தை ஒப்பிடலாம். மரவை என்று உறுதியாகத் தெரிந்த பத்துப் பதினைந்து படங்களின் வெக்டர்களைச் சராசரி எடுத்தால், அந்தச் சராசரி ஒரு வரியின் வேலையைச் செய்யும். புதிய படம் அதற்கு எவ்வளவு நெருக்கம் என்று பார்த்தால் போதும். பெயரும் விவரிப்பும் கைகொடுக்காத உள்ளூர்ப் பொருள்களுக்கு இது நல்ல பலன் தரும். மாடலை மறுபடி பழக்க வேண்டியதில்லை.

ஒருமுறை எடுத்த வெக்டர்களைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு படத்துக்கு 512 எண்கள், எண்ணுக்கு 4 பைட் என்றால் ஒரு படத்துக்கு 2 கிலோபைட். பத்தாயிரம் படங்களுக்கும் சேர்த்து 20 மெகாபைட்டை ஒட்டித்தான் வரும். நாளைக்குப் பித்தளையை ‘விளக்கு’, ‘அடுக்குச்சட்டி’ என்று இரண்டாக்க வேண்டும் என்று தோன்றினால் படங்களை மறுபடி மாடலுக்குள் அனுப்ப வேண்டாம். புதிய இரண்டு வரிகளுக்கு மட்டும் வெக்டர் எடுத்து, சேமித்து வைத்த எண்களோடு ஒப்பிட்டால் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அதே கோப்பைத் தேடுவதற்கும் பயன்படுத்தலாம். ‘கைப்பிடி உடைந்த நீல எனாமல் குவளை’ என்று எழுதினால் பத்தாயிரத்தில் நெருக்கமான இருபதை அது மேலே கொண்டுவந்து வைக்கும். அந்த இருபதில் உங்களுக்கு வேண்டிய குவளை எது என்பதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.